தலைமயிரும் தண்ணீரும்

காவிரிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தோழர் ஒருவர் நமக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் தமது மகளைக் கோயமுத்தூர் ஜில்லாவில் ஓர் ஊரில் கலியாணம் செய்து கொடுத்திருக்கிறார். அந்த ஊரில் ஆற்றுத் தண்ணீர் குழாயில் பத்து நாளைக்கு ஒரு தரம் வருமாம். அது குடிப்பதற்கும் சமைப்பதற்குமே சரியாய்ப் போய்விடுவதால், குளிப்பது துவைப்பது எல்லாம் ஆயிரம் அடி ஆழத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரில்தானாம். பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆனவுடன் தலைமயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பொடுகும் சேர்ந்துகொண்டது. மாமியார் கண்ணேறு என்று சொல்லி, மருமகளின் முடியைக் குலதெய்வத்திற்கு இறக்குவதாய் வேண்டிக்கொண்டார். மருமகன் படித்தவராதலால் கண்ணேறு என்று சொல்லாமல் தண்ணீர் என்று சொன்னார். நாத்தனார், பல மூலிகைகள் போட்டுக் காய்ச்சியதாக விளம்பரம் செய்யப்படும் எண்ணெய் மூன்று சீசா வாங்கிக் கொடுத்துவிட்டு, பணத்தைப் பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டார். பிறகு குழாயில் மாட்டும் வடிகட்டி ஒன்று வந்தது. இதற்கெல்லாமாக ஒரு மோதிரம் அடகுக்குப் போயிருக்கிறது. அப்படியும் மயிர் கொட்டுவது நிற்காததால், இப்பொழுது "சீக்குக்காரப் பெண்ணை மறைத்துக் கட்டிவிட்டார்கள்" என்கின்ற பேச்சு அந்த வீட்டில் கிளம்பியிருக்கிறதாம். "உண்மையில் தண்ணீர்தான் காரணமா? பெண்ணை ஆறு மாதத்திற்கு நம் ஊருக்கே கூட்டிவந்து வாய்க்கால் தண்ணீரில் குளிக்க வைக்கலாமா?" என்று தோழர் நம்மைக் கேட்கிறார்.

மயிர் கொட்டுவதைப் பற்றி ஒரு தலையங்கமா என்று சில பண்டிதர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களில் பலருக்குத் தலையில் சுளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லையாதலால் அவர்களை விட்டுவிடுவோம். ஒரு வீட்டில் மோதிரம் அடகுக்குப் போய், பெற்று மூன்று மாதம் ஆன ஒரு பெண்ணின் வாழ்வே பேச்சுக்கு இடமாகிவிட்ட பிறகு, இது அற்ப விஷயமென்று நாம் ஒதுக்குவதற்கில்லை. அன்றியும் இதே கேள்வியை வாலிபத் தோழர்கள் பலரும் நம்மைக் கேட்டவண்ணமாய் இருக்கிறார்கள்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர் என்று நம் மக்கள் சொல்லுவதில் பெரும்பாலானது, பாறைக்குள் தங்கியதால் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கரைந்து நிற்கின்ற கடினத் தண்ணீராகும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிதண்ணீரில் இந்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு தண்ணீர் கிடையாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இதை அறிய ஜோசியம் வேண்டியதில்லை. ஒரு சீசாவில் மழைத் தண்ணீரும் மற்றொன்றில் போர்வெல் தண்ணீரும் சம அளவு எடுத்து, இரண்டிலும் சாதாரணத் துணிச் சோப்பைக் கொஞ்சம் கரைத்துவிட்டுக் குலுக்கினால், ஒன்றில் நுரை நிற்கும், மற்றதில் திரிந்த பால்போல் கசடு மிதக்கும். நம்பரே வேண்டுமென்றால் குடிநீர் வாரியத்தாரின் ஜில்லா சோதனைச் சாலையில் கொடுத்துப் பார்க்கலாம்.

அந்தக் கசடுதான் தலையில் படிகிறது. அதனால் மயிர் நார்போல் முரடாகிறது, சிக்கு விழுகிறது, சிக்கைச் சீப்பால் இழுத்தால் அறுகிறது. இவ்வளவும் உண்மை, இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மயிரின் வேர் தோலுக்கு அடியில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில், இரத்தத்தினால் வளர்க்கப்பட்டுக் கொண்டிருக்கிறது. தலையில் ஊற்றுகின்ற தண்ணீர் அவ்வளவு ஆழம் இறங்கி அந்த வேரைப் பிடுங்கிவிடுவதில்லை. கோயமுத்தூர் டாக்டர்களே 2013-ஆம் வருஷத்தில், கடினத் தண்ணீரில் ஒரு மாதம் நனைத்து எடுத்த மயிரையும் வாலைத் தண்ணீரில் நனைத்து எடுத்த மயிரையும் இழுத்துப் பார்த்து, பலத்தில் சொல்லத்தக்க வித்தியாசமில்லை என்று வெளியிட்டார்கள். 2018-இல் பாகிஸ்தானத்தில் செய்த மற்றொரு சோதனையில் கடினத் தண்ணீர் பட்ட மயிரின் பலம் குறைந்திருந்தது. பின்னதையே சரியென்று வைத்துக்கொண்டாலும், அதனால் ஏற்படுவது மயிர் நடுவில் ஒடிவதே ஒழிய வேரோடு உதிர்வதல்ல.

ஆகவே தோழர் செய்ய வேண்டிய முதல் காரியம், மகளின் சீப்பில் வந்த மயிரில் பத்தை எடுத்து ஒரு கறுப்புத் துணியின்மேல் வைத்து அதன் நுனிகளைப் பார்ப்பதுதான். ஒரு நுனியில் ஊசித்தலை அளவு வெள்ளையாய்ச் சிறு முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இரண்டு நுனியும் மொட்டையாய் இருந்தால் அது ஒடிந்தது. ஒடிவதாக இருந்தால் தண்ணீரையும் சோப்பையும் சீப்பையும் குற்றஞ் சொல்லலாம். சோப்பை விட்டுவிட்டுச் சீயக்காயோ அரப்போ ஷாம்புவோ தேய்த்து, கடைசியாய் இரண்டு செம்பு குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ ஊற்றிக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் 2003-ஆம் வருஷத்திலேயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேமிக்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தினார்கள். எத்தனை வீட்டில் அந்தக் குழாய் பார்வைக்கு மாத்திரம் தொங்குகிறதென்பது அவரவருக்கே தெரியும். குழாய் முனையில் மாட்டுகின்ற, கரியும் பஞ்சும் அடைத்த சிறு குப்பிகள் சேற்றையும் குளோரின் நாற்றத்தையும் பிடிக்கலாமே தவிர, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பிடிப்பதில்லை.

அப்படியானால் ஊர் மாறியவுடன் மயிர் கொட்டுகிறதே என்று வாலிபர்கள் கேட்பார்கள். பதினெட்டு இருபது வயதில் பையன் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போகிறான். ஆண்களுக்குப் பரம்பரை வழுக்கை தலைகாட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்த வயதிலேதான். வீட்டிலேயே இருந்திருந்தாலும் அவன் நெற்றி ஏறித்தான் இருக்கும். திருப்பூருக்குப் போனவன் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்கிறான். துபாய்க்கும் குவைத்துக்கும் போனவன் அங்குள்ள தண்ணீரைக் குற்றம் சொல்லுகிறான். அதுவோ கடல் தண்ணீரில் உப்பை எடுத்துவிட்டுக் கொடுக்கின்ற, கடினம் பெரும்பாலும் குறைந்த தண்ணீர்! கடினத் தண்ணீரிலும் கொட்டி, மென்மையான தண்ணீரிலும் கொட்டினால் குற்றம் தண்ணீருடையதாக எப்படி இருக்க முடியும்?

பரம்பரை வழுக்கையின் சங்கதி வெகு நாளாய் வெளிப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஹாமில்டன் என்பவர் 1942-இல் காட்டியதாவது: வயதுக்கு வருமுன்னே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை, அவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தால், வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விழுகிறது. ஆகவே பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்தே வழுக்கையை உண்டாக்குகின்றன. அது தகப்பன் வழியாகவும் வரும், தாய் வழியாகவும் வரும். பெண்களுக்கும் வகிட்டில் மயிர் மெலிவதாக வரும். இதற்கு மருந்தே இல்லையென்று சொல்ல மாட்டோம். இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மினாக்சிடில் என்னும் மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் மயிரை வளர்த்துவிட்டதால், அதையே தலையில் பூசும் திரவமாக்கி 1988-இல் அமெரிக்க சர்க்கார் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். ஃபினாஸ்டெரைடு என்னும் மாத்திரைக்கு ஆண்களுக்கு மட்டும் 1997-இல் அனுமதி கிடைத்தது; அதைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளவே கூடாது, ஆண்களிலும் சிலருக்கு ஆண்மைக் குறைவு உண்டாக்குகிறதாதலால் டாக்டரைக் கேளாமல் தொடக்கூடாது. இரண்டும் இருக்கிற மயிரை நிறுத்தும், கொஞ்சம் வளர்க்கும். விட்டுவிட்டால் சில மாதங்களில் பழைய நிலைமையே திரும்பும். அவ்வளவுதான் அவற்றின் யோக்கியதை. வேண்டாதவர் தலையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வழுக்கைத் தலையால் எந்தக் காரியமும் கெட்டுப்போனதாய் நமக்குத் தெரியவில்லை.

நிற்க, நம் தோழரின் மகளுக்கு வந்திருப்பது வழுக்கையாகத் தோன்றவில்லை. கடிதத்தில் அவர் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வார்த்தையில்தான் காரணம் இருக்கிறது. "பிள்ளை பிறந்து மூன்று மாதம் ஆனவுடன்" என்கிறார். தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு வருஷம் முதல் ஆறு வருஷம் வரை, மாதத்திற்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வளர்ந்து, பிறகு மூன்று மாதம் போல் ஓய்ந்திருந்து உதிர்கிறது. அதே குழியில் வேறு முளைக்கிறது. இதனால் நல்ல தேகமுள்ளவர்களுக்கே நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிரும். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டியதெல்லாம் உதிராமல் நின்றுகொள்ளுகிறது. பிரசவமானதும் அத்தனையும் ஒன்றாய் ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதத்திற்குள் ஒன்றாய்க் கொட்டுகிறது. டைபாய்டு, டெங்கு போன்ற கடுங் காய்ச்சல், பெரிய ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைப்பது, தாங்க முடியாத துக்கம் இவற்றிற்குப் பிறகும் இப்படியே நேருகிறது. மூன்று மாதத்திற்கு முன் வந்து போன காய்ச்சலை இன்று யாரும் நினைப்பதில்லை. இன்று ஊற்றுகிற தண்ணீர் கண்முன் நிற்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

இதில் தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிக் கொட்டிய மயிர், வேறு குறையில்லாவிட்டால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் திரும்பி வளரும். பிள்ளைக்கு வயது ஒன்று ஆவதற்குள் பெரும்பாலும் சரியாய்விடும். மாமியார் வேண்டுதலை நிறைவேற்றினால் குலதெய்வம் வளர்த்ததாகும். நாலாவது சீசா எண்ணெய் வாங்கினால் எண்ணெய் வளர்த்ததாகும். அந்தப் பெண்ணின் தலையே "முன்", "பின்" என்று இரண்டு படமாய் விளம்பரத்தில் வரும். ஆறு மாதம் பிறந்த ஊருக்குக் கூட்டிவந்தால் வாய்க்கால் தண்ணீர் வளர்த்ததாகும். மழை பெய்யப் போகிற நாளாய்ப் பார்த்து யாகம் செய்தவனுக்குத் தட்சணை கிடைத்ததுபோல்தான் இது. தண்ணீர் என்று சொன்ன படித்த மருமகனும் இந்த விஷயத்தில் தமது தாயாருக்கு ஓர் அங்குலம்கூட மேலல்ல. தாயார் ஒன்றைப் பார்த்துப் பயந்தார், மகன் மற்றொன்றைப் பார்த்துப் பயந்தார். இருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆனால் "வேறு குறையில்லாவிட்டால்" என்று மேலே சொன்னோமே, அந்தக் குறையைப் பற்றித்தான் நமக்குக் கவலை. இந்திய சர்க்காரின் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால், உயிருக்கு அவசியமில்லாத மயிரைத் தேகம் கவனிக்குமா? இந்தக் குறை எங்கிருந்து வருகிறது? எல்லா ஜாதியிலும் எல்லா மதத்திலும் நம் வீடுகளில் வழக்கம் ஒன்றேதான். ஆண்கள் சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு, மாமனார் மாமியார் சாப்பிட்ட பிறகு, சட்டியில் ஒட்டியிருப்பதைப் பிள்ளை பெற்றவள் வழித்துச் சாப்பிடுகிறாள். மீன் வாங்கினால் நடுத்துண்டு புருஷனுக்கு, குழம்பு அவளுக்கு. போதாததற்குப் பிரசவித்தவள் கீரை தின்னக்கூடாது, முட்டை தின்னக்கூடாது, வயிறு நிறையத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று பத்தியம் வேறு. பத்து மாதம் தன் இரத்தத்தில் ஒரு பிள்ளையை வளர்த்து, பிரசவத்தில் இரத்தம் சிந்தி, இப்பொழுது பால் கொடுத்துக் கொண்டிருப்பவளுக்கு இந்தச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று அந்த வீட்டார் ஆராய்ச்சி செய்கிறார்கள்!

பொடுகு வேறு சங்கதி. 1874-ஆம் வருஷத்திலேயே லூயி மலசே என்ற பிரெஞ்சுக்காரர் பொடுகுச் செதிலில் ஒரு நுண்ணிய காளானைக் கண்டார். அவர் பேராலேயே இன்று அதற்கு மலசீசியா என்று பெயர். அது அநேகமாய் எல்லார் தலையிலும் இருக்கிறது. தலைத்தோலில் ஊறும் கொழுப்பைத் தின்று வாழ்கிறது. அப்பொழுது அது விடுகின்ற ஒருவகை அமிலம் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் செதிலும் உண்டாகின்றது. அது ஒட்டுவியாதியுமல்ல, அழுக்கான பெண் என்பதற்கு அடையாளமுமல்ல. பனிக் காலத்தில் அதிகமாகும், தூக்கமும் மன நிம்மதியும் கெட்டாலும் அதிகமாகும். மாமியார் வீட்டில் கைப்பிள்ளையோடு இருப்பவளுக்கு இந்த இரண்டும் எவ்வளவு கிடைக்குமென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. பொடுகுக்கு நம்மவர்கள் செய்யும் வைத்தியமோ மேலும் எண்ணெயை அப்பி இரவெல்லாம் ஊறவிடுவது; அதாவது பகைவனுக்கே விருந்து வைப்பது. தேங்காய் எண்ணெய் மயிரின் தண்டு தேயாமல் காக்கிறது என்பது மெய். முடிக்குத் தடவிக்கொள்ளட்டும், பொடுகு இருக்கும்வரை தோலில் தேய்க்க வேண்டாம். கீட்டோகோனசோல் நூற்றுக்கு 2 பங்கு கலந்த ஷாம்புவை வாரம் இரண்டு தரம், நுரைத்து ஐந்து நிமிஷம் விட்டு அலசினால், நாலு வாரத்தில் பொடுகு அடங்கும். பிறகு வாரம் ஒரு தரமோ இரண்டு வாரத்திற்கு ஒரு தரமோ போதும். அடியோடு ஒழிந்துவிடாது, திரும்பி வரும், வந்தால் திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான். ஆண்களுக்குச் சனியும் புதனும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று தலை முழுகப் பஞ்சாங்கத்தில் போட்டிருப்பது அந்தக் காளானுக்குத் தெரியாது. அரிக்கிற நாளில் குளிக்கலாம்.

முடி இறக்கினால் அடர்த்தியாய் வளரும் என்பதையும் மாமியார் சொல்லியிருப்பார். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க அம்மையார், சிரைப்பதனால் மயிர் வேகமாகவோ தடிப்பாகவோ வளருவதில்லை என்று அளந்து பார்த்து 1928-இலேயே எழுதிவிட்டார். சிரைத்த கத்தி தோலுக்குமேல் இருப்பதைத்தான் வெட்டுகிறது. மழுங்கிய நுனி வெளிவரும்பொழுது தடிப்பாய்த் தெரிகிறது. திருமலையில் இறக்கும் முடியைத் தேவஸ்தானத்தார் ஏலம் விட்டு வருஷந்தோறும் கோடிக்கணக்கில் பணம் சேர்க்கிறார்கள். அது பொய்மயிராகி அயல்நாட்டுத் தலைகளில் ஏறுகிறது. அடர்த்தி வருவது அந்தத் தலைகளுக்குத்தான். இதைப் போன்றதே புழுவெட்டு. வட்ட வட்டமாய் மயிர் போவதற்குப் புழு ஒன்று வெட்டுவதாய் எண்ணிக்கொண்டு கண்டதைப் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்குகிறார்கள். அங்கே புழுவே கிடையாது. தேகத்தைக் காக்க வேண்டிய சக்தியே மயிர் வேரைப் பகையென்று நினைத்துத் தாக்குவதுதான் அது. அதற்குத் தோல் டாக்டர்களிடம் வைத்தியம் இருக்கிறது. இறுக்கி இறுக்கிப் பின்னுவதால் நெற்றியோரத்தில் மயிர் போவதும் உண்டு. தளர்த்திப் பின்னினால், நாள் கடத்தாதிருந்தால், திரும்பும். பெண்கள் கிராப்பு வெட்டிக்கொண்டால் பின்னவும் வேண்டாம், சிக்கெடுக்கவும் வேண்டாம் என்று சொன்னால் மாத்திரம் கலாசாரம் போய்விட்டதென்று கூச்சல் போடுகிறார்கள்.

எண்ணெய் வியாபாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டு மருந்து விதிகளில் "ஜே" என்று ஓர் அட்டவணை இருக்கிறது. எந்தெந்த வியாதியைத் தீர்ப்பதாய் எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அதில் வரிசையாய் இருக்கிறது. வழுக்கையும், புதிதாய் மயிர் முளைக்க வைப்பதும் அதில் இருக்கின்றன. அப்படியிருந்தும் காட்டுவாசி எண்ணெய், சித்தர் எண்ணெய், பாட்டி எண்ணெய் என்று வீதிக்கு வீதி, கைப்பேசிக்குக் கைப்பேசி விளம்பரம் நடக்கிறது. தோழர் தம்மிடமுள்ள சீசாக்களில் ஒட்டியிருப்பதை ஒரு தரம் படித்துப் பார்த்து, தயாரித்தவர் விலாசமும் லைசென்ஸ் நம்பரும் இருக்கிறதா, விளம்பரத்தில் சொன்னதை அந்தக் காகிதத்தில் சொல்லியிருக்கிறார்களா என்று நமக்கு எழுதட்டும்.

தோழருக்கு நாம் சொல்லுவது இதுதான். மகளைத் தாராளமாய் ஊருக்குக் கூட்டி வாருங்கள். தண்ணீருக்காக அல்ல, சாப்பாட்டுக்காகவும் தூக்கத்துக்காகவும். வருவதற்கு முன்பே பக்கத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இரத்த அளவும், இரும்புச் சேமிப்பும், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்திற்குப் பிறகு தைராய்டு கெட்டாலும் மயிர் கொட்டும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஆறு மாதம் இரும்பு மாத்திரை சர்க்காரில் இலவசமாய்க் கொடுக்கிறார்கள். அதைத் தேநீரோடு விழுங்காமல் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள். முட்டை, மீன், ஈரல், கீரை, பயறு எதற்கும் பத்தியம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு மருமகனும் மாமியாரும் கூடவே போகட்டும்; இது பிரசவத்தினால் வந்தது, சீக்கை யாரும் மறைக்கவில்லை என்று அவர்கள் டாக்டர் வாயாலேயே கேட்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகியும் கொட்டுவது நிற்காவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். நாலாவது சீசாவுக்குப் பணம் கேட்டு வருவார்கள். கொடுக்க வேண்டாம், அந்தப் பணத்தை வைத்து முதலில் மோதிரத்தை மீட்டுக்கொள்ளுங்கள்.